முப்பது குழியும் முப்பது எழுத்தும்

பாடஞ் சொல்லுதல் ஒரு வினை. சொன்ன பாடத்தை மாணாக்கர் நெஞ்சில் நிறுத்துதல் வேறொரு வினை. முன்னதற்கு நூல் உண்டு, பலகை உண்டு, ஆசிரியரின் குரல் உண்டு. பின்னதற்கு என்ன உண்டு என்று வினவினால், பெரும்பாலான வகுப்புகளில் கிடைக்கும் விடை பயிற்சித்தாள் என்பதே. கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டுத் தாளை மடித்து வைக்கும் சிறுவன், அச்சொல்லை வாயால் ஒருமுறையேனும் சொன்னானா என்று யாரும் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டபின், எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே கற்பிக்கும் பள்ளி இந்நாட்டில் இல்லாது போயிற்று. அதற்கு முன் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கணக்குப் பாடமும் நில நூற்பாடமும் கூடத் தமிழ்ச் சொற்களை மீண்டும் மீண்டும் நினைவூட்டின. கூட்டல், பெருக்கல், ஆறு, தீவு என்னும் சொற்கள் நாள்தோறும் காதில் விழுந்தன. இற்றை நாளில் அந்த வேலை முழுவதும் தமிழ்ப்பாட வேளை ஒன்றின் தலைமேல் வந்து நிற்கிறது. வீட்டின் துணையும் குறைந்து வருகிறது. 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், 5 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் நூற்றுக்கு 3.3 பேர், 2020இல் அது 2.5 ஆயிற்று. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு உயர்ந்தது. ஆகவே மீள்பார்வை என்பது தேர்வுக்கு முந்திய வாரத்துச் சடங்காக இருத்தல் ஒல்லாது. தமிழ் வாயில் வருவதற்கே அஃது ஒரு வாய்ப்பாக அமைய வேண்டியுள்ளது. ஆசிரியரும் மாணாக்கரும் தம் கையாலேயே செய்துகொள்ளும் விளையாட்டுகள் இதற்கு எவ்வளவு உதவும், எங்கே உதவா என்பதை ஈண்டுக் காண்போம்.

இக்கருத்துப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு கணக்கைச் சொல்கிறது. ஆசான் உரைத்ததை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் அதனால் வருவது புலமையில் கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிப் பயில்வதால் வருவது மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருவது. இக்கணக்கை ஒப்புக்கொண்டால், ஆசிரியரே பேசிக்கொண்டிருக்கும் வகுப்பு முக்கால் பங்கை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும். திண்ணைப் பள்ளியிலும் இதற்கு இடம் இருந்தது. மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்குப் பூவின் பெயர் ஒன்றோ பறவையின் பெயர் ஒன்றோ சொல்லியனுப்பி, மறுநாள் மறவாது ஒப்பிக்கச் செய்யும் வழக்கம் இருந்தது. பிரம்பும் அருகில் இருந்தது என்பது வேறு செய்தி.

மேனாட்டு ஆய்வாளர் இதனையே எண்களால் காட்டினர். ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெல்லவும் நிகழ்கிறது என்பது அவர் கண்டது. 2006இல் அமெரிக்க உளநூலார் ரோடிகரும் கார்ப்பிக்கியும் ஓர் உரைநடைப் பகுதியை மாணவரிடம் கொடுத்தனர். ஒரு சாரார் அதனை இருமுறை படித்தனர். மறு சாரார் ஒருமுறை படித்து, பின்னர் நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ நிலை மாறியது. நினைவிலிருந்து எழுதியவர் நூற்றுக்கு 56 பங்கை மீட்டனர். இருமுறை படித்தவர் 42 பங்கையே மீட்டனர். ஒன்றை மறுபடி பார்ப்பதைவிட, பாராமல் நினைவுக்குக் கொண்டுவர முயல்வதே அதனை நிலைநிறுத்தும் என்பது இதனால் விளங்கும். விளையாட்டின் பயனும் இங்குத்தான் இருக்கிறது. சிரிப்பும் ஆரவாரமும் மாணாக்கரை இழுத்து வருவன. பாடத்தை நிறுத்துவது, அவ்விளையாட்டினுள் எத்தனை முறை ஒவ்வொரு பிள்ளையும் தன் நினைவைத் துழாவ நேர்ந்தது என்பதே.

முட்டைத் தட்டில் நெடுங்கணக்கு

கடைகளில் முட்டை அடுக்கி வரும் பழுப்பு நிறக் காகிதத் தட்டை எல்லாரும் கண்டிருப்பர். அதில் 30 குழிகள். ஒரு வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசைகள். தமிழாசிரியர் ஒருவர் இத்தட்டைக் கையில் எடுத்துச் சற்றே எண்ணிப் பார்ப்பாராயின் வியப்படைவார். தமிழில் முதலெழுத்துகள் முப்பது. உயிர் பன்னிரண்டும் இரண்டு வரிசையில் அடங்கும். மூன்றாம் வரிசையில் வல்லினம் ஆறு. நான்காம் வரிசையில் மெல்லினம் ஆறு. ஐந்தாம் வரிசையில் இடையினம் ஆறு. ஒரு குழியும் மிஞ்சவில்லை, ஒரு குழியும் குறையவில்லை! கோழி முட்டைக்காகச் செய்த தட்டு நெடுங்கணக்குக்காகவே வார்த்ததுபோல் பொருந்துகிறது.

செய்முறை எளிது. முட்டைக் கசிவு படியாத உலர்ந்த தட்டாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். கறை பட்டதை எறிந்துவிடுக. குழிக்கு ஓர் எழுத்தாகச் சிறு வட்டத் தாளில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதுவது மாணாக்கரின் வேலையாகவே இருக்கட்டும். வல்லினம் எது, இடையினம் எது என்னும் மீள்பார்வை பசை காய்வதற்குள் பாதி முடிந்துவிடும். காய்களுக்குச் சிங்கப்பூரில் பஞ்சமில்லை. சாலையோரப் பூங்காக்களில் சாகா மரம் சிவந்த விதைகளை உதிர்த்துக் கிடக்கிறது. தமிழர் ஆனைக்குன்றிமணி என்றும் மஞ்சாடி என்றும் கூறும் விதை இதுவே. கரிய காய்க்குப் புளியங்கொட்டை. சிராங்கூன் சாலைக் கடைகளில் கொட்டை எடுக்காத புளி வாங்கினால் குழம்புக்கும் ஆயிற்று, வகுப்புக்கும் ஆயிற்று.

நால்வர் ஒரு தட்டைச் சுற்றி அமர்வர். ஒருவர் முறையில் சிவப்பு விதையை உயிர் வரிசைகளை நோக்கியும் கருப்பு விதையை மெய் வரிசைகளை நோக்கியும் ஒரு முழத் தொலைவிலிருந்து போட வேண்டும். சிவப்பு 'உ'விலும் கருப்பு 'ம்'மிலும் விழுந்தால் 'மு' பிறக்கிறது. போட்டவர் அவ்வெழுத்தில் தொடங்கும் சொல் ஒன்றைச் சொல்ல வேண்டும்; அடுத்திருப்பவர் அச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் பேச வேண்டும். சொல்லுக்கு ஒரு விதை, வாக்கியத்துக்கு ஒரு விதை. அந்த வாரப் பாடத்தில் வந்த சொல்லாயின் இரட்டிப்பு. பன்னிரண்டும் பதினெட்டும் பெருகி 216 உயிர்மெய் ஆவதை எத்தனையோ முறை வாய்பாடாக ஒப்பித்தும் விளங்காத பிள்ளைக்கு, இரு விதைகள் சேர்ந்து ஓரெழுத்தாவதைக் கண்ணால் கண்டதும் அது விளங்கிவிடும்.

கருப்பு விதை 'ட்' குழியில் விழுந்தால் என் செய்வது? இங்கேதான் விளையாட்டு இலக்கணமாகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. ஙகரமும் ஏறக்குறைய அவ்வாறே. இவ்வொன்பது குழிகளில் விழுந்தால் உயிரை விட்டுவிட்டு, அந்த மெய் இடையிலோ கடையிலோ வரும் சொல்லைக் கூறலாம் என்று விதி வகுத்துக்கொள்ளலாம். தங்கம், பட்டம், பழம் எனப் பிள்ளைகள் தேடத் தொடங்குவர். 'யெ' போன்ற எழுத்து வந்து, இதில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை என்று ஒரு சிறுமி துணிந்து கூறினால் அவளுக்கும் ஒரு விதை உண்டு. இல்லை என்று அறிவதும் அறிவே.

இனி, வழக்கு ஒன்று எழாமல் இராது. 'ர'கரம் விழுந்ததும் ஒருவன் 'ரொட்டி' என்பான், மற்றொருவன் 'ரயில்' என்பான், லாரியும் வரும். நாள்தோறும் ரயிலில் ஏறி வரும் பிள்ளையிடம் ரயில் என்று ஒரு சொல்லே இல்லை என்று சாதித்தல் வீண். வந்த சொற்களைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து, அவை எம்மொழியிலிருந்து வந்தன, முன்னோர் ஏன் 'இரயில்' என்று முன்னே ஓர் இகரம் இட்டு எழுதினர் என்று ஐந்து நிமிடம் பேசுவது, மொழிமுதல் எழுத்துப் பற்றிய நூற்பாவை நூறு முறை எழுதச் செய்வதினும் மேலானது.

யாருக்காக விளையாட்டு?

கையால் செய்த விளையாட்டுகள் பல நன்றாகத் தொடங்கித் தவறாக முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. தவறிய பிள்ளையை வெளியே உட்காரச் சொல்வதே அது. எவனுக்குப் பயிற்சி மிகுதியும் வேண்டுமோ அவனே முதலில் விலக்கப்பட்டுச் சுவரோரம் அமர்கிறான். எல்லாம் அறிந்த இருவர் இறுதிவரை ஆடுகின்றனர். வகுப்பு முழுவதையும் இரண்டு அணியாக்கி, 'முதலில் கை தூக்குபவர்க்கு மதிப்பெண்' என்னும் முறையும் இதற்குச் சற்றும் இளைத்ததன்று. முப்பது பேர் இருக்கும் இடத்தில் நான்கு பேரே பேசுவர். சிறு குழுவும் மாறி மாறி வரும் முறையும் இருந்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

மற்றொரு குறை பாம்புக் கட்டத்தில் காணப்படுவது. பரமபதம் நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடியது. அறம் ஏணியாகவும் மறம் பாம்பாகவும் வரையப்பட்ட அவ்விந்திய ஆட்டமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்று, எண்கள் மட்டும் மிஞ்சிய பிள்ளை விளையாட்டாகத் திரும்பி வந்தது. இதனை வகுப்பிற்குக் கொணர்வோர் கட்டந்தோறும் ஒரு வினாவை எழுதிவிடுகின்றனர். ஆயினும் ஆட்டத்தை வெல்பவன் விடையறிந்தவன் அல்லன், தாயக்கட்டையில் ஆறு விழப்பெற்றவனே. பிள்ளைகள் இதனைப் பெரியவர்களுக்கு முன்பே கண்டுகொள்வர். மூன்றாம் முறை ஆடும்போது வினாவை முணுமுணுத்துவிட்டுக் கட்டையை உருட்டுவதிலேயே குறியாவர். வினாக்களை இரண்டே இடத்தில் வைத்தால் இது சரியாகும். ஏணியின் அடியில் நிற்பவன் விடை சொன்னால்தான் ஏறலாம். பாம்பின் வாயில் விழுந்தவன் சரியான விடை சொன்னால் கடிபடாமல் தப்பலாம். பாம்பின் வாயில் நின்று 'அரை', 'அறை' இரண்டுக்கும் பொருள் சொல்ல முயலும் சிறுவனின் முகத்தைப் பார்த்தால், வினாவுக்கு உயிர் வந்துவிட்டதை அறியலாம். நூறு கட்டம் வேண்டா. ஒரு வான்கார்ட் அட்டையில் ஐம்பது கட்டம் வரைந்தால் இருபது நிமிடத்தில் ஆட்டம் முடியும்.

ல, ழ, ள வேறுபாட்டுக்குத் தரையில் ஆடும் பாண்டி ஏற்றது. நடைவழியில் சுண்ணக்கட்டியால் மூன்று கட்டம் வரைந்து எழுத்துக்கு ஒன்றாகக் குறித்து, ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்ல, அதில் வந்த எழுத்தின் கட்டத்துக்குப் பிள்ளை நொண்டிச் செல்ல வேண்டும். அலை, அழை, வலி, வழி, களை, கலை எனச் சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால் இவ்விணைகளைப் பாடம் புதிதாக நடக்கும் நாளிலேயே ஒருசேரக் கொட்டினால் குழப்பமே மிஞ்சும். ஒவ்வொன்றும் தனித்தனியே பழகிய பின்னரே இரண்டையும் மோதவிட வேண்டும். இவ்வாட்டத்தில் ஆசிரியரின் ழகரம் ஐயமற ஒலிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மேல்வகுப்பாருக்கு ஐந்து கல். சிங்கப்பூர்ச் சிறுவர் கல்லுக்கு மாற்றாகத் துணியால் தைத்த முக்கோணச் சிறு பைகளை வைத்து ஆடிய ஆட்டம் இது. ஐந்து நிறத் துணியில் ஐந்து பைகள் தைத்தால் குறிஞ்சி முதலிய ஐந்திணையும் ஆயின. மேலே எறிந்த பையைப் பிடிக்கும் முன் எடுத்த பையின் நிறத்துக்குரிய திணையின் நிலமோ பொழுதோ சொல்லியாக வேண்டும். இஃது உயர்தமிழ் மாணவர்க்கே ஒத்துவரும், எல்லார்க்கும் அன்று.

தேக்காவிலிருந்து வரும் சீட்டுகள்

படச்சீட்டுகளைக் கடையில் வாங்கினால் அதில் ஆப்பிளும் பனிமனிதனும் இருக்கும். தேக்கா நிலையத்துக்கும் பஃபலோ சாலைக்கும் ஒருமுறை வகுப்பை அழைத்துச் சென்று வந்தால் வேறு சீட்டுகள் பிறக்கும். முருங்கைக்காய், வாழைப்பூ, வெற்றிலை, கறிவேப்பிலை, பூக்கடையில் தொங்கும் சாமந்தி மாலை, மல்லிகைச் சரம். மாணாக்கர் கடைக்காரரிடமே பெயர் கேட்டு எழுதி, வகுப்பில் படம் வரைந்து, ஒரு சீட்டில் படமும் இணைச் சீட்டில் அதைப் பற்றிய குறிப்பும் அமைக்கலாம். 'சாம்பாரில் போடுவர், உள்ளே சதை, வெளியே நார், மென்று துப்ப வேண்டும்' என்று ஒரு பிள்ளை எழுதும் குறிப்பு அகராதியில் இல்லாதது. சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி இணை தேடும் ஆட்டத்தில், ஒவ்வொரு முறை திருப்பும்போதும் குறிப்பை உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி.

இடப்பெயர்களும் நல்ல சீட்டுகளாகும். பஃபலோ சாலைக்கு அருகிலேயே கெர்பாவ் சாலை இருக்கிறது. முன்னது ஆங்கிலத்தில் எருமை, பின்னது மலாயில் எருமை. அவ்வட்டாரத்தில் மாட்டுத் தொழுவங்கள் இருந்த காலத்தை இரு பெயர்களும் இருமொழியில் சுமந்து நிற்கின்றன. 'தேக்கா' என்னும் பெயரோ சிறு மூங்கிற் புதரின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் தொடரிலிருந்து வந்தது. 1982இல் சந்தை புதிய கட்டடத்துக்கு மாறியபோது சூச்சியாவ் நிலையம் எனப் பெயர் பெற்று, 2000இல் மீண்டும் மக்கள் நாவில் இருந்த தேக்காவையே ஏற்றுக்கொண்டது. பெயர் ஒரு சீட்டில், கதை ஒரு சீட்டில் என இணைத்து ஆடும்போது தமிழ்ப்பாடம் தெருவில் கால் வைக்கிறது. இந்திய மரபுடைமை நிலையம் 2015 முதல் கேம்பல் லேனில் இயங்குவதால், அங்குக் கண்ட பொருள்களுக்கும் சீட்டு எழுதலாம்.

ஆடும்போது பேசும் மொழி

எத்துணை நல்ல விளையாட்டாயினும் ஆடும் பிள்ளைகள் தமக்குள் எம்மொழியில் பேசுகின்றனர் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். விடை தமிழில் இருக்கும். 'மை டர்ன்', 'நோ சீட்டிங்' எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். இது பிள்ளைகளின் பிடிவாதத்தால் வருவதன்று. பாடநூலில் நூறு சொல் கற்ற சிறுவனுக்கு, 'இப்ப என் முறை' என்னும் தொடரை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகையால் ஆட்டம் தொடங்குமுன் பத்துத் தொடர்களைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். 'யாரோட முறை?', 'அது செல்லாது', 'இன்னொரு தடவை சொல்லு', 'எனக்கு ஒரு விதை குடு', 'விட்டுக் குடுக்க மாட்டேன்'. இவை பேச்சுத்தமிழிலேயே இருத்தல் நலம். 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பிக்கும் முறையையும் ஆராய்ந்த குழு, நன்மக்கள் பேசும் பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடந்தர வேண்டும் என்று வலியுறுத்தியது. எழுதும் விடை எழுத்துத்தமிழில், ஆடும் பேச்சு பேச்சுத்தமிழில் என்று இருந்தால், இரண்டும் வேறு வேறு இடத்துக்கு உரியன என்பதும் சொல்லாமலே பதியும்.

கணினித் திரையில் ஆடும் வினாடி வினாக்கள் இன்று எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவை விரைவானவை, யார் எதில் தவறினர் என்று உடனே காட்டுவன. அவற்றைப் பழிப்பதற்கில்லை. ஆனால் நான்கு நிறத்துள் ஒன்றைத் தொடும் விரலுக்கு வாய் தேவைப்படுவதில்லை. கொடுத்த நான்கில் ஒன்றை இனங்காண்பதற்கும், ஒன்றும் கொடாத வெறுவெளியிலிருந்து சொல்லைக் கொண்டுவருவதற்கும் உள்ள தொலைவு பெரிது. பேசத் தயங்கும் பிள்ளை திரையில் முதலிடம் பெற்றுவிட்டுத் தயங்கியபடியே வீடு செல்லக்கூடும்.

ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது உண்மையான இடர். இரவு முழுதும் வெட்டியும் ஒட்டியும் வண்ணந் தீட்டியும் செய்த அழகிய ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துபோவதைக் கண்டு, இனி இவ்வேலை வேண்டா என்று கைவிட்டோர் உளர். அழகைக் குறைத்தால் இவ்விடர் குறையும். வாரந்தோறும் வினா மாறினாலும் ஆட்டம் மாறாதிருக்கட்டும். ஒரு தட்டு, ஓர் ஐம்பது கட்ட அட்டை, ஒரு பெட்டி நிறைய வெற்றுச் சீட்டு, இவை போதும். வாரக் கடைசியில் ஒவ்வொரு மாணாக்கரும் தாம் படித்ததிலிருந்து இரண்டு வினாவும் விடையும் எழுதிச் சீட்டுப் பெட்டியில் இட்டால், அடுத்த வாரத்துக்கு ஐம்பது அறுபது வினா சேர்ந்துவிடும். பிழையான விடை எழுதப்பட்ட சீட்டை ஆசிரியர் நீக்கிவிடாமல், அதனைக் கண்டுபிடிப்பவர்க்கு மூன்று விதை என அறிவித்தும் பார்க்கலாம்.

அச்சீட்டுகளை அடுக்குவதற்கு ஜெர்மானியர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய முறை பொருத்தமானது. காலணிப் பெட்டி ஒன்றை ஐந்து அறையாகத் தடுத்து, எல்லாச் சீட்டையும் முதலறையில் வைக்க வேண்டும். சரியாக விடை கூறப்பட்ட சீட்டு அடுத்த அறைக்கு முன்னேறும்; தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதலறைக்கே திரும்பும். முதலறையை ஒவ்வொரு வகுப்பிலும், இரண்டாவதை வாரத்துக்கு ஒருமுறையும், பின்னவற்றை இன்னும் நெடிய இடைவெளி விட்டும் எடுக்கலாம். வகுப்புக்கு எது கடினம் என்பதை முதலறையின் தடிப்பே காட்டிவிடும். வேற்றுமை உருபுச் சீட்டுகள் மாதக் கணக்கில் அங்கேயே தங்கிக் கிடக்கக் கண்டால், ஆட்டத்தை நிறுத்திப் பாடத்தையே மீண்டும் நடத்த வேண்டிய வேளை அது.

ஆண்டு முடிவில் தட்டுகள் கிழிந்திருக்கும். அட்டையின் மூலைகள் மடங்கியிருக்கும். விதைகளை மட்டும் உலர்த்திப் புட்டியில் இட்டு வைத்தால் போதும். சனவரியில் வரும் புதிய வகுப்புக்குப் பழைய தட்டைக் கொடுக்க வேண்டா. முப்பது வட்டத் தாளும் பசையும் கொடுத்தால் தானே எழுதி ஒட்டிக்கொள்ளும்.